கடைசிக் கட்டத்தில் முரண்டு பிடிக்கும் மடக்குக் கத்தி: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கையால் செய்யப்படும் மடக்குக் கத்தியைத் தொடக்கத்திலேயே கைவிடுபவர்கள் குறைவு. எஃகுத் தகட்டை வெட்டி, அரத்தால் வடிவம் கொடுத்து, துவைச்சலிட்டு (சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்கி), மெருகேற்றி, இனி ஆணிகளைக் கோத்தால் போதும் என்று நினைக்கும் நாளில்தான் அது முரண்டு பிடிக்கத் தொடங்குகிறது. என்னுடைய முதல் கத்தி அந்த நிலையில் 11 மாதங்கள் ஒரு தகர டப்பாவுக்குள் உதிரி பாகங்களாகக் கிடந்தது. மூடினால் அலகின் முனை இடப்பக்கத் தகட்டை உரசியது. உரசிய இடத்தை அராவினேன், குறையவில்லை. தகட்டைச் சற்று வெளிப்புறமாக வளைத்தேன். மூடும்போது உரசுவது நின்றது, ஆனால் ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அதற்குமேல் எதைத் தொட்டாலும் கெடும் என்ற அச்சத்தில் டப்பாவை மூடி வைத்தேன்.

மீண்டும் திறந்து பார்த்தபோது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: மடக்குக் கத்தியில் குறை தெரியும் இடமும் பிழை இருக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதைப் பார்ப்பது, எதை அளப்பது என்பதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகே எங்கே அராவுவது என்பதைச் சொல்கிறேன். இது பூட்டு இல்லாமல் முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டுமே அலகு நிற்கும் வகைக்கான வழிமுறை.

பாகங்களின் பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அலகு என்பது வெட்டும் பகுதி. அதன் கூர்மையான பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு. அலகின் அடியில் கூர் இல்லாமல் இருக்கும் தடித்த பகுதியை அடிக்காம்பு என்று குறிப்பிடுகிறேன். அச்சாணி அதன் வழியாகத்தான் செல்கிறது. அடிக்காம்பில் வாயின் பக்கமாகச் சிறிய மேடு ஒன்று இருக்கும். கத்தியை மூடும்போது அந்த மேடு ஸ்பிரிங்கின் மீது அமர்ந்து, வாய் ஸ்பிரிங்கில் இடிக்காமல் தாங்கிக்கொள்ளும். இதைத் தாங்கு மேடு என்று அழைக்கலாம். பிடியின் முதுகு நெடுக அமைந்து அடிக்காம்பை அழுத்தும் எஃகுப் பட்டையே ஸ்பிரிங். அலகுக்கும் ஸ்பிரிங்குக்கும் இருபுறமும் நிற்பவை பித்தளை அல்லது எஃகாலான உள்தகடுகள். அவற்றின் மேல் ஒட்டப்படும் மரம், கொம்பு, எலும்பு ஆகியவை பிடித்தகடுகள்.

பழுது பார்க்க உட்காரும் முன் இரண்டு செயல்கள் கட்டாயம். வாய்க்குக் கூர் ஏற்றப்பட்டிருந்தால் அதன் மேல் தடித்த ஒட்டுநாடாவைச் சுற்றிவிட வேண்டும். பிழை தேடும்போது கத்தியை நூறு முறையாவது திறந்து மூட நேரும். அடுத்து, ரிவெட் தட்டாத, அதாவது நுனியைச் சுத்தியலால் தட்டிப் பருக்கவைத்து நிலையாக இறுக்காத, தற்காலிக ஆணிகளைக் கொண்டே சோதிக்க வேண்டும். ஆணியின் ஒரு நுனியை லேசாகச் சரித்து அராவி வைத்தால், விரலால் தள்ளிச் செருகவும் வெளியே எடுக்கவும் முடியும். ஏற்கெனவே ரிவெட் தட்டியிருந்தால், தலையை அராவி நீக்கிவிட்டு, ஆணியை விடச் சற்றே மெலிந்த தட்டுக்கம்பியால் வெளியே தள்ளுங்கள். ஆணி வீணாவதைப் பற்றி வருந்த வேண்டாம். அது அதற்காகவே இருக்கிறது.

அலகு ஒரு பக்கம் சாய்ந்து உள்தகட்டை உரசுகிறது

என் கத்தியின் நோய் இதுவே என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பிடியை ஒரே விதமாகக் கையில் வைத்துக்கொண்டு, முதுகுப் பக்கமிருந்து பாருங்கள். முழுமையாகத் திறந்த நிலையில் முனை எந்தப் பக்கம் சாய்கிறது, மூடிய நிலையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறிப்புகளும் முக்கால்வாசி விடையைச் சொல்லிவிடும்.

திறந்தபோது வலப்பக்கமும் மூடியபோது இடப்பக்கமும் சாய்ந்தால், அச்சாணியே சாய்வாக நிற்கிறது என்று பொருள். அதாவது இரண்டு உள்தகடுகளிலும் உள்ள துளைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. சாய்ந்த அச்சைச் சுற்றி அலகு அரைவட்டம் சுழலும்போது சாய்வின் திசையும் எதிர்ப்புறம் மாறிவிடுகிறது. இரண்டு நிலைகளிலும் ஒரே பக்கம் சாய்ந்தால், அலகின் துளை அலகின் முகத்துக்குச் செங்குத்தாக இல்லை, அல்லது துவைச்சலின்போது அலகு வளைந்துவிட்டது. இவ்விரண்டில் எது என்று அறிய, அலகைத் தனியே எடுத்து நேர்விளிம்புச் சட்டத்தை அதன் மீது வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடையே ஒளிக்கீற்று வளைவாகத் தெரிந்தால் அலகுதான் வளைந்திருக்கிறது. திறந்த நிலையில் நேராக இருந்து மூடும்போது மட்டும் உரசினால், அலகிலோ அச்சாணியிலோ குற்றமில்லை; உள்தகடு வளைந்திருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறு தகட்டை ஒரு பக்கம் தள்ளுகிறது.

என் கத்தி முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டு தகடுகளையும் தனித்தனியே, வைஸில் சரியாக இறுக்காமல் துளையிட்டிருந்தேன். பெரிய ஆணிக்கு மாறலாம் என்றால், துவைச்சலிட்ட அலகில் சாதாரண ட்ரில் பிட் இறங்காது. ஆகவே அலகைத் தொடாமல், பித்தளைத் தகடுகளில் இருந்த 2.4 மி.மீ. துளைகளை மட்டும் 4 மி.மீ. வரை பெரிதாக்கி, இருபுறமும் துளையின் விளிம்பைச் சரிவாகக் குடைந்து, அதே பித்தளையாலான கம்பித் துண்டைச் செருகி, சுத்தியலால் இரு முகங்களிலும் தட்டி நிரப்பி, மட்டமாக அராவினேன். மெருகேற்றிய பின் அடைப்பின் வட்டம் மங்கிய மயிரிழையாகத்தான் தெரிந்தது. அதுவும் பிடித்தகட்டுக்கு அடியில் மறைந்துவிட்டது. பிறகு ஸ்பிரிங்கின் ஆணிகளை இரு தகடுகளிலும் கோத்து, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அசையாமல் இறுக்கி, ஒரே இறக்கத்தில் புதிய துளையைப் போட்டேன். 11 மாதங்கள் கிடந்த பழுது ஒரு பிற்பகலில் தீர்ந்தது. வளைத்த தகட்டை மீண்டும் நிமிர்த்தத்தான் மேலும் அரை நாள் பிடித்தது.

அலகு வளைந்திருந்தால், அதைக் குளிர்ந்த நிலையில் வைஸில் நெரித்து நிமிர்த்த முயல வேண்டாம். 59 அல்லது 60 ராக்வெல் சி (எஃகின் கடினத்தைக் குறிக்கும் அளவு) கடினத்தில் இருக்கும் அலகு எச்சரிக்கையின்றி முறியும். வளைவின் மேட்டுப் பக்கம் ஒரு பட்டையான எஃகுத் துண்டில் படுமாறு வைத்து, எதிர்த்திசையில் சற்று அதிகமாக வளையும்படி இடையில் சிறு தகட்டுத் துண்டுகளைக் கொடுத்து கிளாம்பால் கட்டி, முன்பு டெம்பர் செய்த (துவைச்சலுக்குப் பின் மிதமாகச் சூடாக்கி முறியும் தன்மையைக் குறைத்த) அதே வெப்பத்தில், சாதாரணக் கார்பன் எஃகுக்கு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில், இரண்டு மணி நேரம் வைத்து, கட்டிய நிலையிலேயே ஆறவிடுங்கள். ஒரே தடவையில் முழுதும் நிமிராவிட்டால் மறுபடி செய்யலாம்.

திறக்கவும் மூடவும் மிகக் கடினமாக இருக்கிறது

இறுக்கம் இரண்டு வகை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அலகை மட்டும் அச்சாணியில் கோத்து, மற்ற ஆணிகளால் தகடுகளைச் சேர்த்துச் சுழற்றிப் பாருங்கள். அப்போது அலகு தன் எடையாலேயே விழுமானால் இறுக்கம் ஸ்பிரிங்கால் வருவது. அப்போதும் சிக்கினால் இறுக்கம் பக்கவாட்டில் இருக்கிறது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் அதே தடிப்புள்ள துண்டுகளை இடையே வைத்துக்கொண்டே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்; இல்லையெனில் தகடுகள் உள்வாங்கிப் பொய்யான விடை கிடைக்கும்.

பக்கவாட்டு இறுக்கத்துக்கு வழக்கமான காரணம், அடிக்காம்பின் தடிப்பு ஸ்பிரிங்கின் தடிப்பை விடச் சற்று மிகுந்திருப்பது. இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்தால், 0.03 மி.மீ. வித்தியாசம்கூடக் கையில் உணரப்படுவதைக் காண்பீர்கள். அடிக்காம்பை, கண்ணாடிப் பலகையின் மீது விரித்த 400 எண் உப்புத்தாளில் தட்டையாக வைத்துத் தேயுங்கள். விரலின் அழுத்தம் அச்சாணித் துளைக்கு நேர்மேலே இருக்க வேண்டும், இல்லையெனில் ஓரம் சரியும். ஸ்பிரிங்கை விட 0.05 மி.மீ. மெலிந்தால் போதும்.

சோதனையில் எளிதாக ஓடிய கத்தி ரிவெட் தட்டிய பின் இறுகினால், குற்றம் தட்டலில் இருக்கிறது: தட்டத் தட்ட ஆணி நடுவில் பருத்து, தகடுகளையும் உள்நோக்கி இழுக்கிறது. இதைத் தவிர்க்க, இடைவெளியை அளக்கும் மெல்லிய இதழ்களைக் கொண்ட ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. இதழைப் போன்ற மெல்லிய தகட்டில் ஆணியின் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி, அலகுக்கும் தகட்டுக்கும் இடையே, ஆணியைக் கவ்வியபடி செருகிவிட்டுத் தட்டுங்கள். தட்டி முடித்ததும் இதழை இழுத்து எடுத்தால், அதன் தடிப்பளவு இடைவெளி மிஞ்சும். ஏற்கெனவே இறுகிவிட்ட கத்தியில், தளர்த்தும் நோக்கத்துடன் அலகை வலுவாகப் பக்கவாட்டில் அசைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது துளையை நீள்வட்டமாக்கிவிடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. ரிவெட்டை எடுத்துவிட்டுப் புதிதாகத் தட்டுவதே முறை.

இறுக்கம் ஸ்பிரிங்கால் வருவதாக இருந்தால், அலகு இல்லாதபோது ஸ்பிரிங்கின் நுனி தன் இடத்தை விட எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பாருங்கள். நடுத்தர அளவுள்ள கத்திக்கு 1.5 முதல் 2 மி.மீ. வரையிலான முன்னழுத்தம் போதுமானது. அதற்கு மேல் இருந்தால் ஸ்பிரிங்கின் உட்புறத்தை, நடு ஆணிக்கும் நுனிக்கும் இடைப்பட்ட பகுதியில், நீளவாக்கில் சீராக மெலிக்கலாம். முன்னழுத்தம் சரியாக இருந்தும் அலகு சொரசொரவென்று தயங்கி நகர்ந்தால், மெலிக்க வேண்டியதில்லை. அடிக்காம்பின் சுற்றையும் ஸ்பிரிங் நுனியையும் 1000 எண் உப்புத்தாள் வரை மெருகேற்றி, அடிக்காம்பின் மூலைகளை நூலளவு மழுக்கினால், அதே ஸ்பிரிங் வேறொரு ஸ்பிரிங் போல நடந்துகொள்ளும்.

பக்கவாட்டில் லொடலொடக்கிறது

ஆணிக்கும் துளைக்கும் இடையே தளர்வு இருந்தால் ஆணியை மாற்ற வேண்டும். தகடுகளுக்கும் அலகுக்கும் இடையே தளர்வு இருந்தால் ரிவெட்டைச் சிறிது சிறிதாக, இரு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி இறுக்க வேண்டும். எது என்று அறிய, அலகின் நுனியைப் பிடித்து அசைக்கும்போது அச்சாணிக்கு அருகே கட்டைவிரலை வைத்துப் பாருங்கள்: ஆணியின் தலை தகட்டோடு சேர்ந்து நகர்ந்தால் இறுக்கம் போதவில்லை, தலை நகராமல் அலகு மட்டும் நகர்ந்தால் துளை பெரியது. துவைச்சலுக்குப் பின் துளை கடினப்பட்டிருப்பதால், பித்தளைக் கம்பியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் என்னும் தேய்ப்புப் பசையைத் தடவிச் சுழற்றி, அடுத்த அளவு ஆணி சேரும்வரை பொறுமையாகத் தேய்த்துப் பெரிதாக்கலாம். நூற்றில் சில பங்கு மி.மீ. வரைதான் இவ்வழி நடைமுறைக்கு ஒத்துவரும்.

மூடும்போது வாய் ஸ்பிரிங்கில் இடிக்கிறது, அல்லது முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது

இவ்விரண்டும் எதிரெதிரான குறைகள். ஒன்றைத் தீர்க்கும் அராவல் மற்றொன்றை வளர்க்கும். முனை பிடிக்கு வெளியே தெரிந்தால் தாங்கு மேட்டைச் சிறிது அராவலாம். அலகு உள்ளே இறங்கும். ஆனால் அராவிய மேட்டைத் திரும்ப வளர்க்க வழியில்லை. எனவே அராவும் முன், ஸ்பிரிங்கின் உட்புறத்தில் மாவு போன்று பிசைந்த களிமண்ணை மெல்லிய பூச்சாகத் தடவி, கத்தியை மெதுவாக மூடித் திறந்து, வாய் பதிந்த தடத்தையும் அதற்கடியில் மிஞ்சியிருக்கும் களிமண்ணின் தடிப்பையும் பாருங்கள். எங்கும் அரை மி.மீ. தடிப்பாவது இருந்தால் மட்டுமே மேட்டைத் தொடுங்கள். மெதுவாக மூடும்போது படாத வாய், அலகைச் சட்டென்று விடும்போது ஸ்பிரிங் ஒரு கணம் துள்ளுவதால் இடித்துவிடக்கூடும் என்பதே இந்த எச்சரிக்கைக்குக் காரணம்.

வாய் இடிக்கிறது என்றால், தடம் பதிந்த இடத்தில் ஸ்பிரிங்கின் உட்புறத்தை மென்மையான வளைவாகக் குழித்துக்கொள்ளுங்கள். கூரான மூலையோ குறுக்குக் கீறலோ அங்கே விழக் கூடாது. ஸ்பிரிங் அந்த இடத்தில்தான் பிறகு முறியும்.

திறந்தபோது மட்டமாக இருக்கும் ஸ்பிரிங், மூடும்போது துருத்துகிறது

முதுகுப் பக்கம் விரலை ஓட்டினால் ஸ்பிரிங்கும் தகடுகளும் ஒரே பரப்பாக உணரப்பட வேண்டும். அச்சாணித் துளையின் மையத்திலிருந்து, ஸ்பிரிங் வந்து அமரும் அடிக்காம்பின் ஒவ்வொரு முகத்துக்கும் உள்ள தூரம் சமமாக இருந்தால்தான் திறந்த நிலை, பாதித் திறப்பு, மூடிய நிலை ஆகிய மூன்றிலும் அது நிகழும். டயல் கேஜ் (நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் கருவி) இருந்தால் மூன்று நிலைகளிலும் ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மிகத் தாழ்வான நிலை எதுவோ அதுவே உங்கள் அளவுகோல். மற்ற இரு முகங்களையும் அதற்கு இறக்க வேண்டும். தாழ்ந்ததை உயர்த்த வழியில்லை என்பதை நினைவில் வைத்து, ஒரு முகத்துக்கு நான்கைந்து அராவல்களுக்கு மேல் போகாமல் மறுபடி அளந்து பாருங்கள். தாங்கு மேட்டை அராவினால் மூடிய நிலையின் அளவும் மாறும். ஆகவே மேட்டு வேலை முடிந்த பின்னரே இந்த வேலைக்கு வர வேண்டும். மூன்று அளவுகளும் 0.05 மி.மீ.க்குள் வந்துவிட்டால், மிச்சத்தைக் கத்தியைத் திறந்த நிலையில் கோத்து முதுகு முழுவதையும் ஒன்றாக மெருகேற்றித் தீர்க்கலாம். துவைச்சலிட்ட அடிக்காம்பில் சாதாரண அரம் வழுக்கும். வைரத்தூள் பதித்த அரமோ சாணைக்கல்லோ தேவை.

ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது முறிந்துவிட்டது

ஆணிகளைக் கழற்றியதும் ஸ்பிரிங் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் வளைந்தே நின்றால் அது மிருதுவாக இருக்கிறது. அலகுக்கு ஏற்ற கடினம் ஸ்பிரிங்குக்கு ஆகாது. ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ 45 முதல் 50 ராக்வெல் சி தேவை. அதற்கு, துவைச்சலிட்டு மெருகேற்றிய பின், மேற்பரப்பு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா ஆகியவற்றைக் கடந்து நீலத்துக்கு வந்து, அந்த நீலமும் வெளிறத் தொடங்கும் வரை சூடேற்ற வேண்டும். 300 டிகிரி செல்சியஸைக் கடந்த நிலை அது. சோர்ந்த ஸ்பிரிங்கை மறுபடி துவைச்சலிட்டு டெம்பர் செய்யலாம்.

முறிந்தால் முறிந்த முகத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மென்பட்டு போல இருந்தால் துவைச்சல் நன்று. குறுக்குக் கீறலோ ஆணித் துளையோரம் ஒடுங்கியிருந்ததோதான் காரணம். சர்க்கரைப் பரல்கள் போல மினுங்கினால் எஃகு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. 1084 வகைக் கார்பன் எஃகுக்குத் துவைச்சல் வெப்பம் ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸ். காந்தம் ஒட்டாமல் போகும் 770 டிகிரியிலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. பரல் விழுந்த ஸ்பிரிங் இருந்த அதே சூட்டில்தான் அலகையும் துவைச்சலிட்டீர்கள் என்றால், அலகின் மீதும் சந்தேகம் கொள்வது நியாயம்.

வாயில் நீலம் பாய்ந்துவிட்டது

கிரைண்டர் பட்டையில் ஒரு நொடி அதிகம் நின்றதால் வாயோரம் நீலம் தெரிந்தால், அந்த நிறத்தைத் தேய்த்து மறைப்பதால் பயனில்லை; கடினம் அங்கே ஏற்கெனவே போய்விட்டது. நீலம் மயிரிழை அகலமே இருந்தால் அந்தப் பகுதியை முழுதும் தேய்த்து நீக்கி வாயைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்கு மேல் அகலம் என்றால் மீண்டும் துவைச்சல்தான். இனி கையுறை இல்லாத விரல்களால் அலகைப் பிடித்து, ஒவ்வோர் இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். விரல் பொறுக்காத சூட்டுக்கு எஃகு போகக் கூடாது.

பிடித்தகடு பிளந்தது, அல்லது தகட்டிலிருந்து எழும்பியது

பிளவு ஆணித் துளையிலிருந்து தொடங்கினால், துளை ஆணிக்கு இறுக்கமாக இருந்திருக்கிறது. தட்டும்போது பருத்த ஆணிக்கு மரம் வழிவிட்டது. துளையை நூலளவு தளர்த்தி, வெளி வாயைச் சற்றுச் சரித்து வைத்தால் பருக்கும் உலோகம் அந்தச் சரிவில் நிரம்பும். எழும்பிய பிடித்தகட்டுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது கிளாம்பை மிகையாக இறுக்கி எபாக்சிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றியது. உலோகத்தை 120 எண் உப்புத்தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, கைவிரல் படாமல் ஒட்டுங்கள். அச்சாணியைச் சுற்றி முன்கூட்டியே மெழுகு தடவி வைத்தால், பிதுங்கும் எபாக்சி அலகை ஒட்டிக்கொள்ளாது.

ரிவெட் தலையைச் சுற்றி வட்டம் தெரிகிறது

ஆணியும் தகடும் ஒரே உலோகமாக இருந்தும் மெருகேற்றிய பின் வட்டம் தெரிந்தால், துளையின் வாய் சரிக்கப்படவில்லை, அல்லது தலை முழுதும் நிரம்பும் முன் தட்டுவதை நிறுத்தியிருக்கிறீர்கள். ஆணி 1 மி.மீ. அளவுக்கு வெளியே நிற்கும்போதே, உருண்டைத் தலைச் சுத்தியலால், வலுவாக அல்லாமல் பலமுறை, ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும்.

எல்லாம் பொருந்தி, வாய்க்குக் கூர் ஏற்றிய பிறகும் முதல் சில நாட்கள் கத்தி சற்றுத் தயங்கலாம். அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது முப்பது முறை திறந்து மூடினால், மெருகேற்றிய தூளும் தேய்ந்த உலோகமும் கலந்து கரிய எண்ணெயாக ஓரத்தில் கசியும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் விடுங்கள். கசியும் எண்ணெய் தெளிவாக வரும்வரை இதைத் தொடருங்கள். என் கத்திக்கு ஆறு முறை தேவைப்பட்டது.